மூன்று கிளிப்

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது பாங்க் பாஸ்புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஏரியைச் சுற்றியுள்ள நாலு தெருவுக்கும் அவள் ஜிப் அக்காதான். தபால்காரர்கூட ஒருமுறை கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருடா புதுசான்னு பார்த்தேன், நம்ம ஜிப் அக்காவா!" என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

படகுத்துறையின் டிக்கெட் ஜன்னலுக்கு நேர் எதிரே அவள் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். கனத்த துணி தைக்கும் மிஷின் ஒன்று, அதற்கு மேலே தாழத் தொங்கும் விளக்கு, சுவர் நிறையக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் ஜிப் போய் வாயைப் பிளந்துகொண்டு தொங்கும் ஒரு பை. பள்ளிக்கூடப் பை, பயணப் பெட்டி, கூடாரம், குடை, தார்ப்பாய் என்று எது கிழிந்தாலும் அங்கேதான் வரும். "தூக்கிப் போட்டுடலாமாக்கா?" என்று யாராவது கேட்டால் மட்டும் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். தையல் பிரிந்ததற்கெல்லாம் தூக்கிப் போடுவதென்றால் வீட்டில் மனுஷர்கள் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள் என்பாள்.

பையைக் கையில் வாங்கியதும் அவள் கேட்பது ஒரே ஒரு கேள்வி. "எங்க உரசுது?" ஏன் கிழிந்தது, யார் கிழித்தது என்று விசாரிக்கவே மாட்டாள். கிழித்தவர் ஏதாவது ஒரு கதை சொல்வார். அவர் கதை சொல்லி முடிப்பதற்குள் துணி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கும். எந்தத் தோளில் மாட்டுகிறார், பஸ்ஸில் எந்தக் கம்பியில் சாய்கிறார், தண்ணீர் பாட்டிலைச் சரியாக மூடுகிறாரா இல்லையா, எல்லாம்.

துறைக்கு எதிரே கடை வைத்தவளிடம் லைஃப் ஜாக்கெட் வராமல் இருக்குமா? படகுகளை வாடகைக்கு விடும் துறைக்காரர் மாதம் ஒருமுறை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டுவார். வார் அறுந்தது, கிளிப் உடைந்தது, உள்ளே இருக்கும் ஃபோம் நைந்துபோனது. அந்தச் சாக்கைக் கவிழ்த்தால் ஏரியில் யார் எப்போது ஜாக்கெட் போடுகிறார்கள் என்ற ரகசியம் மொத்தமும் அவள் மேஜையில் கிடக்கும். குழந்தைகளோடு வருகிறவர்கள் போடுகிறார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் போட்டோ எடுக்கும்வரை போடுகிறார்கள். விடியற்காலையில் வருகிறவர்கள் கதகதப்புக்காகப் போட்டு, வெயில் ஏறியதும் கழற்றி வீசுகிறார்கள். கண்காணிப்புப் படகின் சத்தம் கேட்டால் ஏரியில் உள்ள அத்தனை பேரும் போடுகிறார்கள். அந்த அவசரத்தில் இழுத்த இழுப்பில்தான் பாதி வார்கள் அறுந்து அவளிடம் வருகின்றன.

தூண்டில்காரர்கள் விஷயம் வேறு. ஆளுக்கு ஒரு ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும் என்பது துறையின் விதி. இருக்கிறது. உடம்பில்தான் இல்லை. கேட்டால், "காத்து கிளம்பினா போட்டுக்குவோம்க்கா" என்பார்கள். காற்று கிளம்பும்போது ஒரு கை துடுப்பிலும் மறு கை தூண்டிலிலும் இருக்கும். ஜாக்கெட் மாட்ட மூன்றாவது கைக்கு எங்கே போவது?

ஆனால் தன் வீட்டுத் தூண்டில்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அக்காவுக்கு ஒரு பெருமை இருந்தது.

வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓட்டுவதை விட்ட பிறகும் ஊருக்கு அவர் டிரைவர்தான். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. "இறங்கினா தானா வந்துடும்" என்று அதையும் ஒரு மாதிரி தெரிந்த கணக்கில்தான் வைத்திருந்தார். ஓய்வுபெற்ற மறுவாரமே தூண்டிலும் கையுமாகக் கிளம்பியவருக்கு அக்கா அன்றைக்கே ஒரு ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தாள். அதிலிருந்து நாலு வருஷமாக, அவர் ஏரியிலிருந்து திரும்பியதும் இருவருக்கும் நடக்கும் முதல் பேச்சு ஒன்றுதான்.

"மாட்டினீங்களா?"

"மாட்டினேன்மா."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கும்.

ஒருநாள் அந்த ஜாக்கெட்டின் வார் பிய்ந்து கடைக்கு வந்தது. மற்றவர்களுடையதைப் பார்ப்பது போலவே அதையும் விளக்கடியில் விரித்தாள். கழுத்துப் பட்டை வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே பளிச்சென்று இருந்தது. தோளில் ஒரு நூல்கூட வெளுக்கவில்லை. கட்டைவிரல் பட்டுப் பட்டு மழுங்க வேண்டிய கிளிப் விளிம்பு கண்ணாடி மாதிரி மின்னியது. திருப்பினாள். முதுகுப் பக்கத்து ஃபோம் மட்டும் சப்பையாக நசுங்கிக் கிடந்தது. அதில் வலது ஓரமாக, வரிசையாக, பொடிப்பொடியான பல் தடங்கள்.

சீப்பு.

கல்யாணமான நாளிலிருந்து டிரைவரின் பேண்ட் பின்பாக்கெட்டில், வலது பக்கம், ஒரு சீப்பு இருக்கும். தலைமுடி போய்ப் பத்து வருஷமாகிறது. சீப்பு மட்டும் போகவில்லை. ஆக, மனுஷன் நாலு வருஷமாக ஜாக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் அவர் வந்ததும் அதை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னங்க இது?"

"ஜாக்கெட்."

"இதுல சீப்பு எப்படி வந்துச்சு?"

டிரைவரின் கை மட்டும் தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போனது. "படகுப் பலகை குத்துதும்மா" என்றார் கடைசியில்.

"நாலு வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்கீங்க! படிக்கட்டுல தொங்காதே, உள்ள வான்னு முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தினவர்தானே நீங்க?"

"அது பயணிங்க."

"நீங்க?"

"நான் டிரைவர்."

இந்த நியாயத்துக்கு மேல் என்ன பேசுவது? அக்கா பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கோபம் பாதிதான். மீதிப் பாதி பயம். இந்த நாலு வருஷத்தில் எத்தனை காற்று, எத்தனை மழை, ஒரே ஒரு தடவை படகு சாய்ந்திருந்தால்? அதையே நினைத்துக்கொண்டு தைத்ததில் மிஷின் ஊசி இரண்டு உடைந்தது.

மூன்றாம் நாள் ஊசியை மாற்றும்போதுதான் ஒன்று உறைத்தது. யாரிடமும் செய்யாத தப்பைப் புருஷனிடம் செய்துவிட்டாள். ஏன் என்று கேட்டாளே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அவரைக் கடைக்கு வரவழைத்து, ஜாக்கெட்டை மாட்டி, ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"சொல்லுங்க. எங்க உரசுது?"

டிரைவர் பயந்துகொண்டேதான் ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. உட்கார்ந்தால் கழுத்துப் பட்டை தாடையில் இடிக்கிறது. தூண்டிலைச் சுழற்றி வீசினால் அக்குளில் அறுக்கிறது. கண்ணாடி, தூண்டில் முள், கைக்குட்டை எல்லாம் ஜாக்கெட்டுக்கு அடியில் சட்டைப் பையில் மாட்டிக்கொள்கின்றன; எடுப்பதற்குள் மீன் போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, போட்டுக்கொண்டு போனால் பல் டாக்டர் சிரிக்கிறார். முதல் தடவை ஏரியைப் பார்க்க வந்தவன் மாதிரி இருக்கிறதாம்.

பல் டாக்டர் அந்தத் தூண்டில் கூட்டத்துக்குத் தலைவர். கிளினிக்கில் இருப்பதைவிடப் படகில் இருப்பது அதிகம். அவர் சிரித்தால் மற்றவர்களுக்கும் சிரிப்பு வரும்.

அக்கா நாலு நாள் எடுத்துக்கொண்டாள். கழுத்துப் பட்டையை மடங்கும்படி செய்தாள். அக்குள் பக்கத்து மேல்துணியைப் பிரித்து, உரசாமல் வளைத்துத் தைத்தாள். ஃபோமில் கத்தரி படாமல் பார்த்துக்கொண்டாள். பிறகு முன்பக்கம் பாக்கெட் வைத்தாள். வைக்க ஆரம்பித்தால் அவளுக்குக் கை நிற்காது. ஆறு பாக்கெட், ஆறுக்கும் ஜிப். நசுங்கிய ஃபோமை மாற்ற நினைத்தாள். சரக்கு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். பாக்கெட்டுகளின் அழகைப் பார்த்த சந்தோஷத்தில் அது அப்படியே மறந்துபோனது.

டிரைவர் மாட்டிக்கொண்டு துறைக்குப் போனார். பல் டாக்டர் சிரிக்க வாயைத் திறந்தார். டிரைவர் ஒரு ஜிப்பை இழுத்துக் கண்ணாடியை எடுத்தார், இன்னொன்றை இழுத்து முள் டப்பாவை எடுத்தார், மூன்றாவதிலிருந்து ஒரு பிடி வறுத்த கடலையை எடுத்து டாக்டரிடமே நீட்டினார். டாக்டரின் வாய் மூடிக்கொண்டது. மறுநாள் காலை கடை திறக்கும்முன் அவர் வாசலில் நின்றிருந்தார். அவருக்கு எட்டு பாக்கெட் வேண்டுமாம்.

அந்த இரண்டு மாதம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தூண்டில்காரர்கள் வரிசை கட்டி வந்தார்கள். ஏரி முழுக்க ஒரே ஆரஞ்சு நிறம். கண்காணிப்புப் படகு ஆட்கள் நம்ப முடியாமல் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். துறைக்காரர் வருகிற போகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் ஜிப் அக்கா செஞ்ச மாயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் டீ குடிக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து ஏரியைப் பார்த்து, தன் ஆரஞ்சுப் புள்ளிகளை எண்ணிவிட்டு உள்ளே போவாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, பாக்கெட்டின் அடி பிரிந்துவிட்டது என்று டிரைவர் ஜாக்கெட்டைக் கடையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா வழக்கம்போல ஒரு விரலால் தூக்கினாள். வரவில்லை. இரண்டு கையால் தூக்கினாள். மேஜைமேல் கவிழ்த்தாள். தூண்டில் நூலில் கட்டும் ஈயக் குண்டுகள் கடகடவென்று கொட்டின. சின்னது, பெரியது, எலுமிச்சம்பழம் அளவு ஒன்று. பின்னாலேயே ஒரு குறடு, ஒரு மடக்குக் கத்தி, உபரி ரீல், டார்ச் லைட், மூன்று முள் டப்பா. கடைசியாகச் சீப்பு.

பக்கத்துப் பழக்கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தாள். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

தண்ணீரில் தூக்கிப் பிடிக்க வேண்டிய சட்டைக்குள், தண்ணீரில் மூழ்குவதற்கென்றே செய்த ஈயத்தை அடைக்க இடம் பண்ணிக் கொடுத்திருக்கிறாள். அதுவும் ஜிப் போட்டு. டிரைவருக்கு மட்டுமா? இருபத்தேழு பேருக்கு. எண்ணி எண்ணிச் சந்தோஷப்பட்டாளே, அந்த இருபத்தேழு புள்ளிகளுக்கும்.

மறுநாள் காலை, பிரிந்த பாக்கெட்டைத் தைத்து, கொட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் திரும்ப நிரப்பி, ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு துறைக்கு நடந்தாள். டிரைவர் அதிகாலையிலேயே துறையிலிருந்து ஒரு வாடகை ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டிருந்தார். பல் டாக்டரும் நாலைந்து பேரும் கரையில் நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் பாக்கெட்டைக் காலி பண்ணுங்க" என்றாள் அக்கா. விஷயத்தைச் சொன்னாள்.

"அதெல்லாம் மிதக்கும்க்கா. ஃபோம் கணக்கு எனக்குத் தெரியும்" என்றார் பல் டாக்டர்.

"உங்களுக்குப் பல்லுக் கணக்குதான் தெரியும். மிதக்கும்னா இறங்கிக் காட்டுங்க."

"இப்பவா? எனக்குக் கிளினிக் இருக்கே."

"ஞாயித்துக்கிழமையா?"

டாக்டர் நூலைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மற்றவர்களுக்கும் திடீரென்று முடிச்சுப் போடும் வேலை வந்துவிட்டது.

"சரி. தச்சவ நான். நானே இறங்குறேன்" என்றாள் அக்கா.

ஏரிக்கு எதிரே இருபது வருஷம் கடை வைத்தவள், கணுக்காலுக்கு மேல் அதில் நனைந்ததில்லை. இருந்தும் ஜாக்கெட்டை மாட்டி மூன்று கிளிப்பையும் போட்டாள். துறைக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்க மாட்டாள் என்று தெரிந்ததும் அவள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். படியில் இறங்கினாள். நெஞ்சளவுத் தண்ணீர். ஜில்லென்றது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலையும் தூக்கினாள்.

ஒரு நொடி மிதந்தாள். அந்த ஒரு நொடி அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அடுத்த நொடி நெஞ்சிலிருந்த ஈயம் அவளை முன்பக்கமாக இழுத்துக் கவிழ்த்தது. முகம் தண்ணீருக்குள். முதுகில் இருந்த சப்பை ஃபோம் ஒரு உதவிக்கும் வரவில்லை. கால் தரையைத் தேடியது, பாசியில் வழுக்கியது. கரையில் ஒரே கூச்சல். துறைக்காரர் கயிற்றை இழுத்தார். எல்லாம் ஐந்தாறு நொடிதான். இருமிக்கொண்டு எழுந்து நின்று, கண்ணிலிருந்த தண்ணீரைத் துடைத்தாள்.

அப்போதுதான் டிரைவரைப் பார்த்தாள்.

முப்பதடி தூரத்தில், திரும்பி வந்துகொண்டிருந்த படகில் அவர் எழுந்து நின்றிருந்தார். அவள் முகம் தண்ணீருக்குள் போனதை அவர் பார்த்துவிட்டார். அதற்குள் குனிந்துவிட்டதால் அவள் எழுந்ததைப் பார்க்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த வாடகை ஜாக்கெட்டை எடுத்து, கையை நுழைத்து, கிளிப்பைப் போட்டார். மேல் கிளிப். நடு கிளிப். கீழ் கிளிப்.

"வேண்டாங்க! நான் நிக்கிறேன்! இங்க தரை இருக்கு!" என்று அக்கா கத்தினாள்.

அவர் குதித்துவிட்டார்.

அந்த இடத்தில் இரண்டு ஆள் ஆழம். தலை உள்ளே போனது. அக்காவுக்கு ஏரி, கரை, கூச்சல் எதுவும் இல்லை. அவர் போன இடத்தில் ஒரு வளையம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த வளையத்தின் நடுவே ஒரு வழுக்கைத் தலை எழும்பியது. அதன் கீழே ஆரஞ்சு நிறம். நெஞ்சில் பதினாலு என்று பெயிண்டில் எழுதிய எண். பதினாலாம் நம்பர்! போன மாதம் அதற்குப் புது ஃபோம் வைத்துத் தைத்தவள் அவள்தான். அந்தச் சட்டை அவரை மல்லாக்கச் சாய்த்து, முகத்தை வானம் பார்க்க வைத்து, அலுங்காமல் தாங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். இறங்கினால் நீச்சல் தானாக வரும் என்று சொன்னது பலித்துவிட்டதோ என்று அவர் ஒரு நிமிஷம் நினைத்திருக்க வேண்டும். கையையும் காலையும் அடித்துக்கொண்டு, தண்ணீரை நாலாபக்கமும் வாரியிறைத்துக்கொண்டு, எப்படியோ அவளை நோக்கி வந்தார். துறைக்காரர் இன்னொரு கயிற்றை வீசி மீதித் தூரத்தை இழுத்துக் கொடுத்தார். அவர் விட்டுவந்த படகு, கூடை நிறைய மீனோடு, தன்பாட்டுக்கு எதிர்க்கரைக்குக் கிளம்பிவிட்டது.

"ஏம்மா, உனக்கு ஒண்ணும் இல்லையே? ஒண்ணும் இல்லையே?" அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. காலை ஊனுங்க, தரை இருக்கு."

ஊன்றினார். நின்றார். அக்கா அவர் நெஞ்சில் கையை வைத்து ஒவ்வொரு கிளிப்பாகத் தொட்டாள்.

"மூணும் போட்டிருக்கீங்க."

டிரைவர் குனிந்து பார்த்தார். "மாட்டினேனா?"

"மாட்டினீங்க" என்றாள். நாலு வருஷமாக அவர் சொல்லிவந்த பதிலை அன்றைக்கு அவள் சொன்னாள். "காத்து கிளம்பினாலும் பாக்கெட் இல்லாததைப் போடாதவர், இன்னைக்கு மட்டும் எதுக்குப் போட்டீங்க?"

"என்ன கேள்வி இது?" டிரைவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "நான் முங்கிட்டா உன்னை யாரு பிடிக்கிறது?"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நெஞ்சளவுத் தண்ணீரில், நாலு கிலோ ஈயத்தைச் சுமந்துகொண்டு, அவரைக் கட்டிக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை. பார்த்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பல் டாக்டர் கரையில் உட்கார்ந்து, எட்டு ஜிப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து, குண்டுகளைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க இருபத்தேழு ஜாக்கெட்டுகளும் கடைக்குத் திரும்பி வந்தன. நசுங்கிய ஃபோமையெல்லாம் மாற்றினாள். பாக்கெட்டுகளைப் பிரித்து, ஆளுக்கு இரண்டு மட்டும், ஒல்லியாக, வலைத்துணியில் தைத்தாள். ஒன்றில் கண்ணாடி நுழையும். இன்னொன்றில் ஒரு விசிலும் ஒரு பிடி கடலையும் நுழையும். எலுமிச்சம்பழக் குண்டை நுழைத்துப் பார்த்து, நுழையவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்தாள். ஈயம் படகில் கட்டிய தகர டப்பாவுக்குப் போனது. படகுப் பலகை குத்துகிறதே என்ற பழைய புகாருக்கும் ஒரு வழி செய்தாள். மிஞ்சிய தார்ப்பாயில் பஞ்சடைத்து, டிரைவருக்கென்று ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தாள். வலது ஓரத்தில் சீப்புக்கு ஒரு சின்னப் பள்ளம்கூட விட்டிருந்தாள்.

"மாட்டினீங்களா?" என்ற சாயங்காலக் கேள்வியை மட்டும் விடவில்லை. பழக்கம் அப்படி லேசில் போகுமா?

ஐந்தாறு மாதம் கழித்து, ஏரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்த டிரைவர் ஜாக்கெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வாரில் ஒரு தையல் விட்டிருந்தது. அக்கா விளக்கை இழுத்துப் பிடித்து அதை விரித்தாள். தோள் இரண்டும் வெயிலில் வெளுத்திருந்தன. கிளிப் விளிம்பு கட்டைவிரல் பட்டு மழுங்கியிருந்தது. முதுகு ஃபோம் புசுபுசுவென்று நிமிர்ந்திருந்தது. கழுத்துப் பட்டை நெடுக, வியர்வை காய்ந்து காய்ந்து, வெள்ளையாக ஒரு உப்புக்கோடு. அக்கா அந்தக் கோட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினாள். துடைத்துவிடலாம் என்று எடுத்த ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சீப்பை எடுத்து இல்லாத முடியைச் சீவிவிட்டு, காத்திருந்தார். அவள் வாரைத் தைத்து முடித்தாள். நூலை அறுத்தாள். அப்போதும் ஒன்றும் பேசவில்லை.

"என்னம்மா, இன்னைக்குக் கேக்கவே இல்லையே?"

"கேட்டுட்டேன்" என்றாள் அக்கா, ஜாக்கெட்டை மடித்துக்கொண்டே.